கம்பியில் இடித்த மூக்கு

எழிலரசனின் மூக்கு ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. முதலில் ஓயாத மூக்கடைப்பு. அப்புறம் காலையில் முகம் கழுவும்போது ரத்தம் கலந்த பொருக்கு. புருவ முடி ஓரத்திலிருந்து உதிர ஆரம்பித்தது. காது மடல் தடித்தது. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகப் பொன்னமராவதி போகும் தனியார் பஸ்ஸில் அவன் கண்டக்டர். நாளெல்லாம் புழுதியும் புகையும் குடிக்கிறவனுக்கு மூக்கு அடைக்காமல் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஒருநாள் கடையில் வாங்கிய டீ புறங்கையில் தளும்பிக் கொட்டியது. பக்கத்தில் நின்றவர் பதறினார். இவனுக்குச் சுடவே இல்லை. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

வீடு இருப்பது திருக்கோகர்ணத்தில். அங்கே எந்த டாக்டரிடம் போனாலும் வெளியே வரும்போது தெரிந்த முகம் ஒன்று நிற்கும். அதனால் திருமயத்தில் பஸ் நிற்கிற இடைவேளையில், யூனிபார்ம் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, அங்கே இருந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். திருப்பதி என்ற வயதான சுகாதார ஆய்வாளர் அவன் கையையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். டாக்டரிடம் அழைத்துப் போனார். சோதனையெல்லாம் முடிந்ததும் பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னார்.

"தொழுநோய்தான் தம்பி. பயப்படாதீங்க. ஒரு வருசம் ஒழுங்கா மாத்திர சாப்பிட்டா முழுசா போயிரும். சாப்பிட ஆரம்பிச்சுட்டா ஒங்ககிட்டேருந்து யாருக்கும் ஒட்டாது. வீட்டுல யார் யாரு இருக்காங்க?"

"யாருமில்ல சார். நான் தனிக்கட்ட."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் திறந்தது, வந்துவிட்டது. அப்போது வீட்டில் அவன் மனைவி கலைமதி அடுப்படியில் நின்றிருப்பாள். மகள் தேவிப்ரியா, எல்லோருக்கும் பிரியா, எல்.கே.ஜி. விட்டு வந்து தூங்கிக்கொண்டிருப்பாள். அவர்களை ஒரு சொல்லில் இல்லாமல் ஆக்கிவிட்டு மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் டூல்ஸ் பெட்டியில் ஒரு துணியில் சுருட்டி வைத்துக்கொண்டான். மாத்திரையால் தோல் கறுத்தது. வெயில் என்றான். கொரோனா வந்தது, ஊரே முகத்தை மூடிக்கொண்டு திரிந்தது. எல்லோரும் நொந்துகொண்ட அந்த மாஸ்க்கில் அவன் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டான். வருடம் முடிந்தபோது நோய் போய்விட்டது என்று திருப்பதி சார் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் உள்ளே இருந்த குருத்தெலும்பை நோய் முன்பே தின்றிருந்தது. தாங்க ஆளில்லாத பந்தல் போல மூக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டது. நுனி மேலே தூக்கிக்கொண்டு துவாரங்கள் இரண்டும் முன்னால் தெரிந்தன. கண்ணாடி போட்டால் நிற்காது. பேச்சு மூக்கால் வந்தது. "திருமயம் எறங்கு" என்று அவன் கத்தினால் பின் சீட்டில் காலேஜ் பையன்கள் அதே குரலில் திருப்பிச் சொன்னார்கள்.

கலைமதி கேட்காமல் இருப்பாளா?

"என்னங்க இது, மூக்கு இப்புடி அமுங்கிக் கெடக்கு?"

"நாகராசு சடன் பிரேக் போட்டான். கம்பியில இடிச்சுருச்சு. எலும்பு ஒடஞ்சு உள்ள போயிருச்சுங்குறாங்க."

நாகராசு அந்த பஸ்ஸின் டிரைவர். பத்து வருடப் பழக்கம். ஒரு தடவை பிரேக் போட்டு எழிலரசன் கம்பியில் லேசாக மோதியதும் உண்மைதான். "கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லிரு" என்று எழிலரசன் கேட்டுக்கொண்டான். எதற்கு என்று நாகராசு கேட்கவில்லை. அதற்கப்புறம் கலைமதி அவனை எங்கே பார்த்தாலும், கோயில் வாசலானாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியானாலும் சரி, "எம் புருசன் மொகத்தையே கெடுத்துப்புட்டீங்களேண்ணே" என்று ஆரம்பித்துவிடுவாள். நாகராசு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான். எழிலரசன் அவன் இலையைப் பார்க்காமல் தன் இலையைப் பார்ப்பான்.

ஊர் மாஸ்க்கைக் கழற்றிப் போட்ட பிறகும் அவன் கழற்றவில்லை. பிரியாவின் பள்ளிக்கூடத்து மீட்டிங்குக்குப் போனதில்லை. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் போட்டோ எடுக்கும்போது தண்ணீர் குடிக்கப் போய்விடுவான்.

இந்த வருடம் திருப்பதி சாரே போன் செய்தார். திருச்சியில் மூக்கைச் சரிசெய்கிற ஆபரேஷன் இலவசமாகச் செய்கிறார்கள், பேர் கொடுத்திருக்கிறேன், போய்ப் படுத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டில் மூக்கெலும்பு ஆபரேஷன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினான். கலைமதி கூட வருகிறேன் என்று பையை எடுத்தாள்.

"பிரியாவுக்குப் பரீட்ச இருக்குல்ல. நீ எங்கிட்டும் வர வேணாம். நான் பாத்துக்குறேன்."

திருச்சி ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஆபரேஷன் செய்ய இருந்த டாக்டர் பெயர் பிரகதாம்பாள். திருக்கோகர்ணத்து அம்மன் பெயரைக் கேட்டதும் எழிலரசனுக்கு மனசு கொஞ்சம் இளகியது. அவரும் புதுக்கோட்டைக்காரர்தானாம். டாக்டரே அவன் மாஸ்க்கைக் கழற்றி, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, பள்ளத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்த இடத்தை வேறு யாரும் தொட்டதில்லை.

"விலா எலும்போட முனையில இருக்குற குருத்துல கொஞ்சம் எடுத்து, செதுக்கி, இங்க உள்ள வச்சிருவோம். மூக்கு துவாரத்துக்குள்ளயே கீறுறதால தழும்பு வெளிய தெரியாது. நெஞ்சுல மட்டும் சின்னதா ஒன்னு இருக்கும். நாளைக்குக் காலையில மொத கேஸ் நீங்கதான்."

வார்டில் அடுத்த கட்டில் கருப்பனுடையது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டு வேலைக்காரர். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தி ஆபரேஷன் செய்து மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். அவரிடமிருந்து தப்பிக்க எழிலரசன் அன்று மத்தியானம் புறநோயாளிகள் பகுதிக்கு நடந்து போனான்.

அங்கே ஒரு பையனை ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். ஆறேழு வயசு இருக்கும். கன்னத்தில் வெளிறிய படை ஒன்று. கூட வந்த அம்மா ஓரமாக நின்றாள். பரிசோதிக்கிற பெண் பஞ்சைத் திரித்து வைத்துக்கொண்டு, "கண்ண மூடிக்க. நான் தொடுற எடத்த வெரலால காட்டணும்" என்றாள். பையன் கண்ணை மூடிக்கொண்டான். நெற்றியில் தொட்டாள், காட்டினான். தாடையில் தொட்டாள், காட்டினான். படையில் தொட்டாள். பையன் அடுத்த தொடுதலுக்காகக் காத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

எழிலரசன் அந்தக் கன்னத்தையே பார்த்தான்.

பிரியாவின் முழங்கைக்குக் கீழே அதே மாதிரி ஒன்று இருந்தது. பழைய பத்துப் பைசா அளவுக்கு, கொஞ்சம் வெளுத்து. தேமல் என்று கலைமதி ஏதோ களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். போன லீவில் பிரியா சைக்கிளிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தாள். சரியாக அந்த இடத்தில் தோல் வழன்று ரத்தம் வந்தது. அவள் அழவே இல்லை. மறுநாள் பஸ்ஸில் எழிலரசன் நாகராசுவிடம் பெருமையடித்தான். "எம் புள்ள கல்லு மாதிரிடா. கையி உரிஞ்சு கெடக்கு, ஒரு சொட்டுக் கண்ணீரு வரலயே!" முன் சீட்டில் இருந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

சுடாத டீயைத் தன் கையில் வாங்கியவன் அவன். அவனுக்கா தெரியாது? தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டான், அவ்வளவுதான்.

சாயங்காலம் பிரியா போன் செய்தாள். பரீட்சையில் எல்லாம் எழுதிவிட்டாளாம். "அப்பா, ஒங்க மூக்க எப்ப மாத்துவாங்க?" என்று கேட்டாள். "நாளைக்குடா தங்கம். அம்மாகிட்ட சொல்லு, அப்பா சாப்பிட்டேன்னு" என்றான். அவன் போனை வைத்ததும் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். பிரஷரைப் பார்த்தார். கேஸ் தாளைப் புரட்டியபடியே சாதாரணமாகக் கேட்டார்.

"வீட்டுல எல்லாரையும் செக் பண்ணியாச்சுல்ல? கூட இருக்குறவங்கள, கொழந்தைங்கள?"

இப்போது சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்று அவன் மனசு வேகவேகமாகக் கணக்குப் போட்டது. கலைமதிக்குப் போன் போகும். அவள் அண்ணன்மார் வருவார்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் அப்புறம் எப்போதுமே நடக்காது. இந்தப் பள்ளத்தை முகத்தில் வைத்துக்கொண்டேதான் அவர்கள் முன்னால் நின்று பதில் சொல்லவேண்டும். முதலில் மூக்கு வரட்டும். மூக்கு வந்துவிட்டால் எதையும் சொல்லலாம்.

"நான் தனிக்கட்ட டாக்டர்."

டாக்டர் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். கருப்பன் மாவுக்கட்டு போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வார்டைத் தாண்டும்வரை பொறுத்திருந்தார்.

"அப்ப போன்ல அப்பான்னது யாரு தம்பி?"

போனில் அந்தக் குரல் அவ்வளவு தூரம் கேட்டிருக்கிறது.

"அது... எங்க அக்கா மக. அப்புடித்தான் கூப்புடும்."

கருப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். விடாமல் பேசுகிற மனிதர் அதற்கப்புறம் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே எழிலரசன் கிடந்தான்.

காலையில் அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்கம் தெளிந்தபோது மூக்கைவிட நெஞ்சுதான் வலித்தது. விலாவில் யாரோ மிதித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. மூக்குக்குள் துணி அடைத்து, மேலே கட்டுப் போட்டிருந்தார்கள். வாயால் மூச்சு விட்டான். நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. இருமினால் உயிர் போனது. வலி வருகிறபோதெல்லாம் அவனுக்கு ஒரு அற்பத்தனமான ஆறுதல் இருந்தது. இது எனக்கு வேண்டும் என்று நினைத்துக்கொள்வான். வலி அடங்கினால் முழங்கையும் வெள்ளைப் படையும் வந்து நிற்கும்.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் பிரகதாம்பாள் தன் கையாலேயே கண்ணாடியைக் கொடுத்தார். முகம் வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே மஞ்சளாகக் கன்றியிருந்தது. ஆனால் நடுவில் ஒரு மூக்கு, நேராக, மேட்டோடு, மனிதர்களுக்கு இருப்பதுபோல இருந்தது. டாக்டர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவன் மூக்கில் மாட்டிவிட்டார். விழவில்லை. நின்றது.

"பாத்தீங்களா? இனிமே நீங்களும் கண்ணாடி போட்டுக்கலாம்."

அவன் அழுதான். சத்தமில்லாமல் தோள் குலுங்கியது. டாக்டர் அவன் தோளைத் தட்டி, "சந்தோசந்தான். ஆனா அழக்கூடாது, வீக்கம் வத்தட்டும்" என்றார். சந்தோஷம் என்று அவர் நினைத்ததை அவன் திருத்தவில்லை.

டிஸ்சார்ஜ் ஆன அன்று நாகராசு வந்து கூட்டிப்போனான். வீட்டில் தெருவே கூடியிருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள், மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். முன்னே பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தவர்கள் இப்போது தாராளமாகப் பார்த்தார்கள். "சினிமாவுல சேத்துக்குவாங்கபோல" என்று ஒருத்தர் சொன்னார். கலைமதிக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. காபி டம்ளரை நாகராசுவிடம் நீட்டிக்கொண்டே, "இந்த மூக்கையாவது பாத்துப் பத்தரமா கூட்டிட்டுப் போங்கண்ணே. பிரேக்க மெதுவா போடுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நாகராசுவும் சிரித்தான். எழிலரசன் சிரிக்கப் பார்த்தான். நெஞ்சுத் தையல் இழுத்தது.

கூட்டம் கலைந்தபின் பிரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தொட்டா வலிக்குமாப்பா?"

"மெதுவா தொடு."

ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழே வருடினாள். அவள் கை நீண்டிருந்தது. படை அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிந்தது. எழிலரசன் தோளில் கிடந்த துண்டிலிருந்து ஒரு நூலை உருவினான்.

"கண்ண மூடிக்க பாப்பம். நான் எங்க தொடுறேன்னு சொல்லு."

விளையாட்டு என்று நினைத்து அவள் இறுகக் கண்ணை மூடினாள். உள்ளங்கையில் தொட்டான். "இங்க!" மேல்கையில் தொட்டான். "இங்க!" படையில் நூலை வைத்து இழுத்தான். அவள் சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். மறுபடியும் இழுத்தான்.

"தொடுங்கப்பா, ஏன் சும்மா இருக்கீங்க?"

அவன் எழுந்து அடுப்படிக்குப் போனான். கலைமதி அவனுக்கென்று குழைய வேகவைத்த சோற்றை மசித்துக்கொண்டிருந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். கம்பி, பிரேக் எல்லாம் பொய் என்றான். நோயின் பெயரைச் சொன்னான். திருமயம், மாத்திரை, டூல்ஸ் பெட்டி, ஒவ்வொன்றாகச் சொன்னான். தனக்கு முழுசாகப் போய்விட்டது என்றான். பிரியாவின் கையைச் சொன்னான். கரண்டியை வைத்துவிட்டு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்கு இருக்குன்னு எப்பத் தெரியும்?"

"இப்பத்தான் நூல வச்சு..."

"எப்பத் தெரியும்னு கேட்டேன்."

"ஆபரேஷனுக்கு மொதநாளு."

"தெரிஞ்சுக்கிட்டுப் போய்ப் படுத்தீங்களா?"

"டாக்டரு வீட்டுல யாரு இருக்கான்னு கேட்டாங்க. யாருமில்லன்னுட்டேன்."

கலைமதி கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பான். அவள் அவன் முகத்தை, அந்தப் புது மூக்கை, யாரோ ஒருத்தர் முகம்போல உற்றுப் பார்த்தாள்.

"நோயி வந்தது ஒங்க தப்பில்ல. அதச் சொன்னா ஓடிப்போயிருவேன்னு என்னைய நெனச்சீங்க, அது போகட்டும். எம் புள்ள இல்லவே இல்லன்னு சொல்ல ஒங்களுக்கு எப்புடிங்க வாயி வந்துச்சு?"

மசித்த சோற்றை அவள் தட்டில் போட்டு, அவன் முன்னால் தரையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் திருமயம் போனார்கள். நாகராசு ஓட்டுகிற பஸ்தான் முதலில் வந்தது. ஏறியதும் கலைமதி நேராக டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அண்ணே, ஒங்கள இத்தன வருசமா அநியாயமா திட்டிப்புட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

நாகராசு கண்ணாடியில் எழிலரசனைப் பார்த்தான். விஷயம் புரிந்திருக்க வேண்டும். "அதுல என்ன இருக்கு தங்கச்சி, ஒக்காருங்க" என்று கியரைப் போட்டான். மாற்று ஆளாக வந்திருந்த கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது எழிலரசன் எடுக்கப் போனான். கலைமதி தனக்கும் பிள்ளைக்கும் அதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தாள்.

திருப்பதி சார் முதலில் மூக்கைத்தான் பார்த்தார். "அடடா, அருமையா வந்திருக்கே!" என்று எழுந்து வந்தார். பிறகு பின்னால் நின்ற பெண்ணையும் பிள்ளையையும் பார்த்தார்.

"இது யாரு?"

"எம் பொஞ்சாதி சார். எம் மக."

அவர் முகத்தில் சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. பிரியாவை ஸ்டூலில் உட்கார வைத்து, பேர் என்ன, எந்த கிளாஸ், எந்த டீச்சர் என்று கேட்டுக்கொண்டே கையைப் பார்த்தார். நரம்புகளைத் தடவிப் பார்த்தார். டாக்டரும் வந்து பார்த்தார். கலைமதியைத் தனியாக நர்சு பார்த்தாள், அவளுக்கு ஒன்றுமில்லை. பிரியாவுக்கு இருந்தது. ஒரே படை, ஆரம்பநிலை. ஆறு மாத மாத்திரை போதும், கை கால் மூக்கு எதற்கும் எதுவும் ஆகாது என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் எழிலரசன் திருப்பதி சாரிடம் கேட்டான்.

"நான் ஆபரேஷன் முடியட்டும்னு இருந்துட்டேன் சார். அதுக்குள்ள ஏதும் கூடிப்போயிருக்குமா?"

"அதுல ஒன்னும் ஆயிறாது. இது மெதுவா வர்ற நோயி." அவர் சற்று நிறுத்தினார். "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, கூட இருக்குறவங்களுக்குன்னு ஒரு வேள மாத்திர குடுப்போம். புள்ளைக்கு வராமலேகூட போயிருக்கலாம். ஒங்களத் தனிக்கட்டன்னு நம்பிட்டேன் தம்பி. பொங்கலுக்குப் பொங்கல் எங்க வீட்டுலேருந்து பலகாரம் குடுத்துவிட்டேனே, ஒத்தையில இருக்குற மனுசன்னு."

அந்தப் பலகாரத்தை அவன் பஸ்ஸிலேயே நாகராசுவோடு சேர்ந்து தின்று தீர்த்திருக்கிறான். வீட்டுக்குக் கொண்டுபோனால் யார் கொடுத்தது என்று கேட்பார்கள் என்பதால்.

கலைமதி வீட்டை விட்டுப் போகவில்லை. அண்ணன்மாரிடமும் சொல்லவில்லை. அவனுக்குச் சமைத்தாள், துவைத்தாள், தையல் போட்ட இடத்துக்கு மருந்து வைத்துவிட்டாள். தேவைக்குப் பேசினாள். பிரியாவுக்கு மாத்திரை கொடுப்பதை மட்டும் அவன் கையில் விடவில்லை. அட்டையை அலமாரியில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் இது எதுக்கு மாத்திரை என்று கேட்டதற்குப் பெயரைச் சொல்லியே பதில் சொன்னாள். உள்ளே இருந்த எழிலரசனுக்கு வேர்த்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சநாள் வரவில்லை. பிறகு வந்தாள்.

அவன் மாஸ்க் இல்லாமல் வேலைக்குப் போனான். காலேஜ் பையன்களுக்கு அவன் குரலில் இப்போது கேலி செய்ய ஒன்றுமில்லை. புது ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். பார்க்கப்படுவது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. ஒருவர் கண் தன் மூக்கில் படும்போதெல்லாம், எந்த விலைக்கு இதை வாங்கினாய் என்று கேட்பதுபோல இருந்தது.

கடைசி அட்டை பாதி தீர்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. படை சுற்றிலும் நிறம் திரும்பி மங்கிக்கொண்டிருந்தது. பிரியா கூடத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். தலை தூக்காமலே கேட்டாள்.

"அப்பா, எனக்கு இது யாருகிட்டேருந்து வந்துச்சு?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எங்கிட்டேருந்து" என்றான் எழிலரசன்.

"ஒங்க மூக்கு அமுங்குன மாதிரி எனக்கும் அமுங்குமா?"

"அமுங்காது. நீ சீக்கிரமே மாத்திர சாப்பிட்டல்ல?"

"நீங்க ஏன் சீக்கிரமே சாப்பிடல?"

அவன் யோசித்தான். புழுதி, வேலை, கொரோனா என்று பழைய காரணங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை.

"வெக்கமா இருந்துச்சு."

"மாத்திர சாப்பிடவா?"

"ஆமா."

"அதுக்குப் போயி யாராச்சும் வெக்கப்படுவாங்களா?"

உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். அவன் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். புரியவில்லை என்று ஆனதும் பென்சிலைச் சீவப் போய்விட்டாள்.

கலைமதி உள்ளேயிருந்து வந்தாள். ஒரு கையில் மாத்திரை அட்டை, ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு. அவனைப் பார்க்காமலே இரண்டையும் அவன் முன்னால் வைத்தாள்.

"எனக்கு அடுப்புல வேல கெடக்கு. நீங்க குடுங்க" என்றாள்.

எழிலரசன் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கினான். அது கை தவறித் தரையில் விழுந்து உருண்டது. குனிந்து தேடி எடுத்துத் துடைத்தான். பிறகு மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.